தலைவலிக்கு ஓர் எடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் வரவேற்பறையில் கிடைத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிய என்னிடம் பக்கத்து நாற்காலிப் பெண், "பல்வலியால உலகத்துக்கு வருஷா வருஷம் எவ்வளவு நல்ல வாழ்க்கை வீணாப் போகுதுன்னு எங்க ஆபீஸ்ல கணக்கே இருக்கு" என்றாள். வலியை மறந்து சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

புள்ளியியல் படித்தவள். எந்த நோய் மனிதர்களின் வாழ்நாளை எவ்வளவு தின்கிறது, அதில் புகைபிடித்தலுக்கும் உப்புக்கும் அழுக்குக் காற்றுக்கும் என்ன பங்கு என்று கணக்கிடும் அலுவலகத்தில் வேலை. சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்பு ஜாடியை எடுத்து ஒளித்துவைப்பாளாம். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே 'உப்பு'.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மானுட வேதனையின் மாபெரும் தராசைக் கையிலேந்தி அவள்…"

வேண்டாம். மேடைப் பேச்சு. அவள் கையில் இருந்தது ஆறிப்போன காப்பிதான்.

மறுபடியும். உப்புக்கு ஓர் அக்கா. அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் அறையை இருட்டாக்கிச் சுருண்டு படுத்துவிடுவாள். அதனாலேயே வேலையையும் விட்டாகிவிட்டது. "விருந்தாளி வர்ற அன்னைக்குத்தான் கரெக்டா வரும்" என்பார் அக்காவின் கணவர், உப்புக்கு அத்தான்.

(இந்த இடத்தில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன். உப்பு விடவில்லை: "அத்தான் நல்லவர்ங்க. நம்பலை, அவ்வளவுதான்.")

3

அலுவலகத்தில் ஒரு கூட்டம். அவர்கள் பகுதியில் தலைவலியைப் பற்றி யாரும் ஆய்வே நடத்தியிருக்கவில்லை.

"தகவல் இல்லாததை விட்டுடலாம். தலைவலியில யாரும் சாகறதில்லையே" என்றார் இயக்குநர். களைத்த மனிதர்; காசநோய், மாரடைப்பு, சாலை விபத்து என்று அவர் தலைக்கு மேல் வேலை கிடந்தது.

உப்பு எழுந்தாள்.

"விட்டா அந்த இடத்துல பூஜ்யம்னு ஆயிடும் சார். இங்க யாருக்குமே தலை வலிக்கலைன்னு அர்த்தம்."

"அதுக்காக? கற்பனையா எழுதச் சொல்றீங்களா?"

"இல்ல சார். நம்மள மாதிரி இடங்கள்ல எடுத்த ஆய்வை வெச்சு மதிப்பிடுவோம். அது எவ்வளவு தூரம் தப்பா இருக்கலாம்னும் சேர்த்தே போடுவோம். தெரியலைங்கறது வேற, இல்லைங்கறது வேற."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நீங்களே செய்ங்க. யாராவது கேட்டா உங்களைத்தான் கைகாட்டுவேன்."

(ஓரமாக நின்று கைதட்டிக்கொள்கிறேன். தெரியாத இடம் வந்தால் என் போன்ற கதைக்காரர்கள் சொற்களால் பூசி மெழுகிவிடுவோம். இவர்களோ தங்களுக்குத் தெரியாததன் அகலத்தையும் அளந்து, கூச்சமே இல்லாமல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறார்கள்.)

4

மாதக்கணக்கில் உழைத்தாள். கணக்கு வந்தது. கொல்லாமலே வதைக்கும் நோய்களில் தலைவலி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

உப்பு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"அக்கா, பூஜ்யம்னா முழு ஆரோக்கியம், ஒண்ணுன்னா சாவு. உனக்குத் தலைவலி இருக்கிற நேரத்துக்கு எங்க கணக்குல என்ன எடை தெரியுமா? பாதிக்குக் கொஞ்சம்தான் கம்மி."

"யாரு சொன்னா?"

"பல நாட்டு ஜனங்க. இப்படி ஒரு சீக்காளி, அப்படி ஒரு சீக்காளி, ரெண்டு பேர்ல யாருக்கு ரொம்ப முடியலைன்னு கேட்டுக் கேட்டு எடுத்தது."

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு மட்டும் இல்லையா?"

"கோடிக்கணக்கான பேருக்குக்கா."

அக்கா அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தனை பேருமா நடிக்கறோம்?"

5

இனி முடிவு. அத்தான் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார் என்று ஒன்று எழுதினேன். அழகாக இருந்தது, பொய். "கணக்குப் போட்டா வலி போயிடுமா?" என்று சீறினார் என்று இன்னொன்று. அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அப்படிக் கேட்கவில்லையாம்.

செய்தித்தாளை மடித்தார். வெகுநேரம் மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மனைவியிடம், "அடுத்த தடவை வரும்போது நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

அக்கா என்ன சொன்னாள்? உப்புக்குத் தெரியாது, அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கலாம். பதில் அவருக்குத் தெரியும். போய்க் கேளுங்கள், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.