தேனீக்களிடம் சொல்ல வேண்டிய சேதி

வீட்டில் சாவு விழுந்தால், சவப்பெட்டி வாசலைத் தாண்டுமுன் தேனீக்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு பறந்துவிடும். இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்ட்ஷயர் பக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் பாதிரியாருக்குக்கூடக் கிடையாது.

அக்காள் டோர்கஸின் சவப்பெட்டி கூடத்தில் இருந்தது. கெசியா கூடுகளில் துக்கத்துக்குக் கட்டும் கறுப்புத் துணியும், தட்டிச் சொல்ல வீட்டுச் சாவியுமாகத் தோட்டத்துக்குப் போனாள். கல்யாணம் காட்சி எதுவும் காணாத டோர்கஸ் விட்டுப்போனது இந்த ஆறு தேன்கூடுகள்தான். இவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று கெசியாவுக்குத் தவிப்பு. காரணம், தன் கல்யாணத்தன்று அக்காளிடம் அவள் பேசிய பேச்சு.

அன்று அம்மா உயிரோடு இல்லை. தேவாலயத்தில் பெண்ணைப் பெற்றவள் உட்காரும் முன்வரிசையில் டோர்கஸ் புதுத் தொப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்த கெசியா, நாலு பேர் காதில் விழும்படியே கேட்டுவிட்டாள்.

"நீ என்ன என்னைப் பெத்தவளா? எழுந்து பின்னால போ."

டோர்கஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். ஊரே குனிந்து ஜெபப் புத்தகத்தைப் புரட்டியது.

இப்போது கெசியா சாவியால் முதல் கூட்டை மூன்று முறை தட்டினாள்.

"உங்க எஜமானி போயிட்டா. எங்க அக்கா போயிட்டா."

தேனீக்களுக்குப் படைக்க கேக்கும் ஆப்பிள் மதுவும் கொண்டுவந்த அண்ணன் ஏனோக் பின்னால் நின்றிருந்தார்.

"அதுங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது, கெஸ்ஸி. தங்காது."

என்ன பொய் என்று அவள் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கூடுகளைப் பார்த்தே சொன்னார். பண்ணை வீட்டு வேலைக்குப் போன டோர்கஸ் பதினாறு வயதில் வயிற்றோடு திரும்பி வந்தாள். அம்மா தன் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு நடமாடி, பிறந்த குழந்தைக்குத் தன் பிள்ளையென்றே ஞானஸ்நானம் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். ஊரும் தெரியாத மாதிரி இருந்துவிட்டது. ஆனால் பிறப்பையும் தேனீக்களிடம் சொல்ல வேண்டுமே. பெற்ற உடம்போடு டோர்கஸ் வேலியைப் பிடித்துப் பிடித்து இங்கே வந்தாள்.

"நான்தான் தாங்கிப் புடிச்சேன். 'எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா'ன்னு அதுங்ககிட்ட சொன்னா. அதுக்கப்புறம் அதை அவ வாய்விட்டுச் சொன்னதே இல்ல. அம்மா போனப்புறம் உன்கிட்ட சொல்லிடணும்னு இருந்தா. அதுக்குத்தான் உன் கல்யாணத்தன்னிக்கு அங்க வந்து உக்காந்தா."

கெசியா ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். தான் பேசிய பேச்சு நெஞ்சைப் பிளந்தது. வீட்டுக்குள்ளிருந்து, பெட்டியைத் தூக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஏனோக் கைகாட்டினார்.

அவள் எழுந்து மறுபடியும் தட்டினாள்.

"எங்க அம்மா போயிட்டா."

ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு கூட்டிலும் தட்டி, அதையே சொன்னாள். தேனீக்கள் கேட்டுக்கொண்டன. கேட்டிருக்க வேண்டியவள் கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தாள்.