வலது கையின் இரைச்சல்

நாகையா மந்திரித்த கறுப்புக் கயிற்றைச் சந்திரகலாவின் வலது புஜத்தில் சுற்றி முடிச்சுப் போடப் போனபோது, பிள்ளையைப் பெற்ற நல்லம்மாள் எழுந்து அவர் கையைப் பிடித்தாள். நடுக்கூடத்தில் அவள் புருஷன் கன்னையா சவப்பெட்டிக்குள் கிடந்தான். கன்டெய்னர் லோரி ஓட்டியவன். முந்தின நாள் சாயங்காலம் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போதே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டான்.

"அந்தக் கையில வேணாம் மாமா."

"சாவு வீட்டுல பிள்ளை பயந்துக்கும்மா" என்றார் நாகையா, கன்னையாவின் அண்ணன்.

பதினோரு வயதுப் பெண் இடது கையை நீட்டினாள். "இதுல கட்டுங்க பெரியப்பா. இது அவுட்டான கை லா."

அது யாரால் அவுட்டானது என்று நல்லம்மாளுக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்ட பிள்ளைக்கு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் ஊசி ஏறுவதற்காக, டாக்டர் இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார். காதை வைத்தால் உள்ளே ஓடும் ரத்தம் வண்டு மாதிரி இரையும். பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கன்னையா அதே மணிக்கட்டில் காப்புக் கட்டினான், இறுக்கி. விடிந்தபோது ரத்தம் அடைத்துப்போய் இரைச்சல் இல்லை. அப்புறம் கழுத்தில் குழாய், குழாயால் காய்ச்சல், பிழைக்குமா என்ற பயம். கடைசியில் வலது முழங்கையில் தைத்ததுதான் பலித்தது. இரண்டு வருஷமாக அந்தக் கையில் காதை வைத்துக் கேட்ட பிறகே கன்னையா லோரிச் சாவியை எடுப்பான். காப்பைப் பற்றி அவன் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

இன்று மெஷின் நாள். காலை ஏழரைக்குக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் என்ன, புருஷனைக் கிடத்திவிட்டுப் பெண்டாட்டி வாசல் தாண்டுவதா என்று நாகையா சத்தம் போட்டார்.

"ரெண்டு மணிக்குத்தானே எடுக்குறீங்க, வந்துடுவோம். அவரு இருந்தா இந்நேரம் கிளம்பியிருப்பாரு மாமா."

நாகையா தன் கார் சாவியை எடுத்து, கூட்டிப்போகச் சொல்லி மகனிடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் முதல் குத்திலேயே இரண்டு ஊசியும் இறங்கின. விஷயம் தெரியாத நர்ஸ் வள்ளியம்மா, "இந்த வார்டுல இவ கைதான் சாம்பியன்" என்றாள். நல்லம்மாள் முந்தின நாளிலிருந்து முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்குத் திரும்பினார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. சந்திரகலா நேரே பெட்டியருகே போய், பிளாஸ்திரி ஒட்டிய முழங்கையை அப்பாவின் காதோரம் வைத்தாள்.

வாசலில் உருமி மேளக்காரர்கள் குச்சியை எடுத்தார்கள். நாகையா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.