அடித்தண்ணீரின் சூடு

கடல் ஆழம் போகப் போகக் குளிரும். அதில் எமிலியானுஸுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மனிதர்களில்தான் சந்தேகம். மன்னாரில் பதினொரு வருஷம் சங்கு குளித்த உடம்பு அது. இறங்க இறங்கக் காது அடைக்கும், குளிர் எலும்பைப் பிடிக்கும். அதை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒக்டோபரில், புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதிப் பட்டறையில், முதலாளி அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தபோது அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கடலின் சூட்டைப் பதியும் கருவிகளைக் கழுவித் திருத்துவது அந்தப் பட்டறையின் வேலை. முழங்கை நீளத்தில் வெள்ளைக் குழாய்கள். ஒரு கயிற்றில் மேலிருந்து கீழாக ஐந்து குழாய்களைக் கட்டி, மேல்நுனியில் மிதவையும் அடியில் இரும்புப் பாரமும் போட்டு, கிறீன்லாந்தின் மேற்குக் கரையில், பனிப்பாறை கடலுக்குள் இறங்கும் இடத்துக்கு முன்னால் கப்பல்காரர் இறக்கிவிடுவார்கள். ஒரு வருஷம் தண்ணீருக்குள் நின்று அவை சூட்டைப் பதிந்துகொண்டிருக்கும். போன வருஷம் துறைமுகத்துக்குப் போய்க் கயிறு கட்டிக் கொடுத்தவன் றெனோல்ட். எந்த இலக்கக் குழாய் எந்த ஆழத்தில் என்ற பட்டியலும் அவன் எழுதியதுதான். இப்போது குழாய்கள் மட்டும் பெட்டியில் திரும்பி வந்திருந்தன. கயிறு கப்பலோடு போய்விட்டது. எமிலியானுஸ் குழாய்களைச் சுரண்டிக் கழுவினார், முதலாளி உள்ளே இருந்த பதிவை எடுத்தார்.

தாளில் பதிவு இப்படி இருந்தது. நாற்பது மீற்றரில் நின்ற ஒன்றாம் குழாய், குளிர்காலம் முழுக்கச் சுழியத்துக்குக் கீழே ஒன்றரைப் பாகை. நானூறு மீற்றரில் நின்ற ஐந்தாம் குழாய், சுழியத்துக்கு மேலே இரண்டரைப் பாகை.

"மேல குளிர், அடி சூடோ? விசர்க்கதை. இவன் தலைகீழாக் கட்டிப்போட்டான்" என்றார் எமிலியானுஸ். அதையே அரைகுறைப் பிரெஞ்சில் முதலாளிக்கும் சொன்னார்.

றெனோல்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், எந்நேரமும் பகிடி. காலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்து விடும் அந்தப் பகிடிதான் எமிலியானுஸுக்குப் பிடிக்காது.

"லிஸ்ட்டைக் கையில வச்சுக்கொண்டு ஒண்டு ஒண்டாக் கட்டினனான், எமில் அண்ணை."

"கையில லிஸ்ட் இருந்திருக்கும். கண் எங்க இருந்ததோ. அந்தக் கப்பல்காரரோட பல்லுக் காட்டிக்கொண்டு நிண்டிருப்பாய்."

"பல்லுத்தானே அண்ணை காட்டினது. கட்டினது கை."

முதலாளி சிரிக்கவில்லை. நல்ல மனிதர், ஆனால் கடலைக் கரையில் நின்று மட்டும் பார்த்தவர். கடலுக்குள் போய்வந்த கிழவன் அடித்துச் சொல்கிறான். ஒரு வருஷப் பதிவு பாழ் என்றால் கருவிகளை அனுப்புகிற பல்கலைக்கழகம் இனி இந்தப் பக்கம் வராது. அங்கே பதிவை வாசிக்கிற பெண் இன்னும் கப்பலில், அடுத்த வியாழக்கிழமைதான் வருவாள். அதுவரை வீட்டில் இரு என்று றெனோல்டிடம் சொல்லிவிட்டார். அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பகிடி ஒன்றும் விடவில்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கத்தோலிக்கக் கோவிலின் கீழ்மண்டபத்தில் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். றெனோல்டும் மனைவி இமெல்டாவும் பிள்ளைகளோடு ஒரு மூலையில் தள்ளி நின்றார்கள்.

"என்ன, அவனை வேலையில இருந்து நிப்பாட்டிப்போட்டினமாம்?" என்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பிலோமினம்மா கேட்டார்.

எமிலியானுஸ் குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர். "ஐஞ்சு குழாயை ஒழுங்காக் கட்டத் தெரியாதவனை வச்சு என்ன செய்யிறது? ஒரு வருஷ வேலை நாசம்."

மண்டபம் கேட்டது. இமெல்டா கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

"உங்களுக்கு உயிர்த்த ஆண்டவரிலயும் சந்தேகம் வரும்" என்றார் பிலோமினம்மா.

"ஆணிக் காயத்தைக் காட்டினா நம்புவன்" என்றார் அவர்.

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள். ஸ்நேகா என்று பெயர், சென்னைப் பிள்ளை, கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அன்றைக்குப் பட்டறையில் நின்ற தமிழர் எமிலியானுஸ் ஒருவர்தான் என்பதால் தாளைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அங்கிள், அடியில ரெண்டரை டிகிரி! இதத்தான் தேடிட்டு இருந்தோம்!"

"அது பிழை, பிள்ளை. தலைகீழாக் கட்டினது."

"இல்ல அங்கிள், இது சரி. அங்க அப்படித்தான்."

எமிலியானுஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "றெனோல்ட் உனக்குப் போன் எடுத்தவனோ?"

"யாரு றெனோல்ட்?"

அவர் அதை நம்பவில்லை. "சோத்துப் பானையைப் பார். சூடு மேலயோ கீழயோ வரும்?"

"பானைல ஒரே தண்ணி. இங்க ரெண்டு தண்ணி, அங்கிள். மேல இருக்கறதுல பனி உருகின தண்ணி கலந்திருக்கு. உப்பு கம்மி, லேசு, அதனால சில்லுனு இருந்தும் மேலயே நிக்குது. கீழ இருக்கறது தெற்குல அட்லாண்டிக்ல இருந்து வர்ற தண்ணி. அந்தச் சூடு இன்னும் மிச்சம் இருக்கு. ஆனா உப்பு ஜாஸ்தி, கனம். அதனால அடியோட அடியா வந்து பனியோட காலைத் தொடுது."

"தொட்டு?"

"அரிக்குது. மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. கால் போனா மேல இருக்கறது உடைஞ்சு விழும்."

"கொம்பியூட்டர் என்னவும் சொல்லும்" என்றார் எமிலியானுஸ். ஆனால் குரல் முன்போல் இல்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொழாயெல்லாம் நீங்கதானே கழுவுனீங்க? எதுல பாசி இருந்துச்சு?"

பாசி இருந்தது ஒன்றாம் இலக்கத்தில். பச்சையாக, வழுவழுவென்று. பிளாஸ்டிக் தகட்டால் அரை மணி நேரம் சுரண்டினார். ஐந்தாம் இலக்கத்தில் பச்சை என்று ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத்தில் கொஞ்சம் சேறுதான். துணியால் ஒரு துடை, போய்விட்டது.

வெளிச்சம் எட்டாத ஆழத்தில் பாசி பிடிக்காது. அதை ஒரு குளியாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றாம் குழாய் மேலேதான் நின்றிருக்கிறது. றெனோல்ட் சரியாகத்தான் கட்டியிருக்கிறான்.

"ஒண்டில" என்றார்.

ஸ்நேகா மேலும் ஏதோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். சரியாக வேலை செய்த ஒருவன் ஒன்பது நாளாக வீட்டில் இருக்கிறான். சாட்சி தன் கையிலேயே இருந்தது. தானே சுரண்டித் தொட்டியில் ஊற்றினார்.

எழும்பிப் போய் முதலாளியிடம் சொன்னார். முதலாளி அப்போதே றெனோல்டுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார், திங்கள் வரச் சொன்னார். யோசிக்கிறேன் என்றானாம் றெனோல்ட்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அவன் வீடு எமிலியானுஸின் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அன்று பின்னேரம் வாசல்வரை போனார், மணி அடிக்கவில்லை. வீட்டுக்குள் வைத்து மெதுவாகச் சொல்லிவிட்டு வருவது சுகம்தான். அவனை அவர் பழித்தது மண்டபத்தில். திரும்பி நடந்தார்.

ஞாயிறு, தேத்தண்ணி ஊற்ற முன்னமே, மண்டபத்தின் நடுவில் போய் நின்றார்.

"நான் ஒண்டு சொல்ல வேணும்."

சத்தம் அடங்கியது. றெனோல்ட் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"போன கிழமை நான் றெனோல்டைப் பற்றிச் சொன்னது பொய். பிழையெண்டு சொல்லித் தப்ப எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தெரிஞ்சது மன்னார்க் கடல். கண்ணால காணாத கடலைப் பற்றி, தெரிஞ்சவன் மாதிரிச் சத்தியம் பண்ணினனான். இவன் கட்டினது சரி."

பிலோமினம்மா கேத்தலைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சுதோ?" என்றான் றெனோல்ட்.

"முடிஞ்சுது."

"நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். 'எப்பிடியடா கட்டினனீ' எண்டு. பதினொரு வருஷம் கடலுக்குள்ள போனனீங்கள், என்ர மேசைக்கு நாலு அடி வர ஏலாமல் போச்சோ?"

எமிலியானுஸ் தலையாட்டினார். "ஓம்" என்றார். "கேக்கேல்லை."

இமெல்டா அவரைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளுக்கு பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வருவன்" என்றான் றெனோல்ட். "வேலை வேணும். ஆனா பஸ்ஸில உங்களுக்குப் பக்கத்தில இருக்கமாட்டன்."

"சரி."

"எவ்வளவு நாளைக்கெண்டும் கேக்கக் கூடாது."

"கேக்கேல்லை."

திங்கள் காலை குளிர் கடிக்கிற குளிராக இருந்தது. எமிலியானுஸ் வழக்கம்போல் முன்னுக்கு, யன்னல் பக்கம் இருந்தார். அடுத்த தரிப்பில் றெனோல்ட் ஏறினான். ஓட்டுநருக்கு பொன்ஜூர் சொன்னான், அவரைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அவன் யாருடனோ பகிடி விடுவது கேட்டது, ஆட்கள் சிரிப்பதும் கேட்டது. எமிலியானுஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.