கேட் உருகிய வீடு

நாகமலை புதுக்கோட்டையில் விக்டோரியா டீச்சருக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கும் உலோகம் உருகும். ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது, சூடுகூடத் தெரியாது. கல்யாணமான புதிதில், பிஎச்டி சேரவேண்டும் என்று அவர் கேட்க, கணவர் ஞானராஜ், "அடுத்த வருசம் பாத்துக்கிரலாம் விக்டோரியா" என்றார். சமையல் மேடையில் இருந்த ஈயச்சொம்பு ரசத்தோடு வழிந்து ஓடியது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்த மருமகள் என்று மாமியார் சர்ச் முழுக்கச் சொல்லிவைத்தார். உள்ளே ரசம் இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த "அடுத்த வருச"த்துக்கு அலுமினியக் குக்கர் போனது. அறுநூற்று அறுபது டிகிரி. வேறு யாராவது என்றால் மனைவியிடம் "உனக்கு என்ன குறை?" என்று கேட்டிருப்பார்கள். ஞானராஜ் விவரமானவர். விக்டோரியா பாடம் நடத்தும் வேதியியல் புத்தகத்தையே புரட்டி உருகுநிலைகளை மனப்பாடம் செய்து, பாத்திரங்களை எல்லாம் ஸ்டீலுக்கு மாற்றினார். பொம்பளைக் கோபம் அம்புட்டுக்கெல்லாம் போகாது என்று தெருவும் தைரியம் சொன்னது. வருடங்கள் ஓடின. வெள்ளிக் கொலுசு காலைவிட்டு ஒழுகித் தரையில் உறைந்தபோது, புதுக் கொலுசு வாங்கிக்கொடுத்தார். காரணம் மட்டும் கேட்கவில்லை.

விக்டோரியாவைச் சேர்த்துக்கொள்ள ஒப்பியிருந்த பேராசிரியை அந்த ஆண்டோடு புது மாணவர்களை எடுப்பதை நிறுத்துவதாக இருந்தார். இப்போது விட்டால் போச்சு. சேர்க்கையின் கடைசி நாள் காலையில் விக்டோரியா கிளம்பி நிற்க, ஞானராஜ் கேட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி புள்ளைக்கு ஞானஸ்நானம் இருக்குல்ல. அடுத்த..."

தாலிச் சங்கிலி உருகி முந்தானையில் வடிந்தது. மாமியார் "ஏசப்பா!" என்று அலறினார். தங்கம் ஆயிரத்து அறுபத்து நாலு, இரும்பு ஆயிரத்து ஐநூற்று முப்பத்தெட்டு, இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று ஞானராஜ் நிம்மதியாகக் கேட்டில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே தெருவில் விழுந்தார். கேட் பூட்டோடு சேர்ந்து வாசலில் படிந்திருந்தது. சாவி பேன்ட்டுக்குள் காலோடு ஒழுகியது. விக்டோரியா அவரையும் கேட்டையும் தாண்டிப்போய் பஸ் ஏறினார்.

இப்போது அவர் ஆராய்ச்சி மாணவி. உருகிய தங்கம் பீரோவில் கட்டியாகக் கிடக்கிறது. அதை மறுபடி தாலியாக்கலாமா என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. புது கேட்டுக்கு அளவெடுக்க வெல்டிங் கடை சோணை வந்தான்.

"எம்புட்டு டிகிரி தாங்கணும்ணே?"

ஞானராஜ் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"கேட்டே வேணாம் சோணை. தெறந்தே கெடக்கட்டும்."