ஓரத்துக் கம்பி

1

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்த பகலவன், வக்கீல் ஆபீஸ் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான். சுவரைப் பிடித்த இடமெல்லாம் பச்சைப் பெயின்ட்.

"மேடம், நோட்டீஸு போயிருச்சா?"

"கவர் ஒட்டி மேசையிலதான் கெடக்கு. ஏன்?" என்றார் வக்கீல் ஷெர்லின்.

"அத்த குடுங்க!"

2

(நிறுத்துகிறேன். வாரத் தொடராக இருந்தால் இங்கே வெட்டி, உங்களை ஒரு வாரம் காயப்போட்டிருப்பேன். இது ஒரே பக்கம்.*)

இந்தக் கதை ஒரு கிரில்லில் பிறந்தது. ராயபுரத்தில் ஒரு மாடி. எல்லாக் கம்பியும் பச்சை. ஓரத்துக் கம்பி மட்டும் துரு. ஏன்? பதிலுக்காகப் பகலவனை உண்டாக்கினேன். அங்கே இன்னொன்றும் பார்த்தேன். அது பிறகு.

* பேசியது ஒரு பக்கம். அடிக்குறிப்பு பேச்சில் இல்லாத வேலை, பத்திரிகைக்கு இனாம்.

3

பேசிய வேலை, சிவந்தியின் மளிகை மொத்தக் கடை ஷட்டருக்கும் மாடி கிரில்லுக்கும் பெயின்ட் அடிப்பது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கணவர் இறந்தபின் கடையைத் தனியாக நடத்துகிறாள். வேலை வளர்ந்தது. படிக்கட்டுக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, ஜன்னல்கள்... சாயங்காலமானால் அவள் கேட்பாள்:

"நாளைக்கும் வருவியள்லா, மேஸ்திரி?"

அந்தக் குரல் தேனில் ஊறிய— (அடித்துவிட்டேன்.) அந்தக் குரல் கடல்காற்றைப் போல— (இதையும்.) பகலவன் வியாசர்பாடியில் தன் ஒற்றை அறையில் படுத்துக்கொண்டு அந்தக் கேள்வியையே மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பான். அவ்வளவுதான்.

கூட்டாளி ஜெரிதான் கொதித்தான். "இன்னா மாமு, ஷட்டருக்குப் பேசிட்டு வூட்டையே அடிச்சுகினு கீற! அந்தம்மா உனக்கு மொட்ட போட்டுகினு கீது, நீ தலைய காட்டிகினு கீற. வா, வக்கீலாண்ட போலாம்."

4

இருவரும் போன அன்றே ஷெர்லின் வழிகளைச் சொல்லியிருந்தார். "பேசாத வேலைக்கு மொதல்லயே ரேட்டு எழுதி வாங்கிருக்கணும். இல்ல, 'இது பேச்சுல இல்ல'ன்னு கைய நிறுத்திருக்கணும். ரெண்டும் பண்ணல. இப்ப சமரசம் பேசலாம், இல்லன்னா நோட்டீஸ். ஒப்பந்தச் சட்டம், எழுபதாவது பிரிவு. இனாமா செய்ற எண்ணமில்லாம நீங்க வேலை செஞ்சு, அதோட பலன அவங்க அனுபவிச்சா, ஈடு கேக்கலாம்."

(இவ்வளவு தெளிவாகப் பேசும் வக்கீல் உண்டா? எனக்கே சந்தேகம். ஆனால் அவர் இல்லாவிட்டால் அடுத்த கேள்வி இல்லை.)

இன்று ஷெர்லின் கவரைக் கையில் எடுத்தார். "இதுல 'இனாமா செய்யல'ன்னு எழுதிருக்கேன். நெசந்தானே?"

பகலவன் கவரையே பார்த்தான். "அது போச்சின்னா அந்த வூட்டுப் படி ஏற முடியாது மேடம். ஜெரி பங்கு நான் குடுத்துர்றேன்."

"அவங்க கேட்டுச் செஞ்ச வேலைதானே?"

"கேக்கல. நான்தான் 'இதுவும் துருவா கீது, பாத்துர்றேன்'னு சொல்லிகினே இருந்தேன். எல்லாம் முடிஞ்சிபோச்சி. மாடி கிரில்லுல ஓரத்துக் கம்பிய மட்டும் ப்ரைமரோட வுட்டுட்டேன். மேல பெயின்ட் இல்லன்னா கடக்காத்துக்குத் துரு பூத்துரும். கூப்புடுவாங்க. போவேன். மறுபடியும் ப்ரைமர்தான்."

"இத கோர்ட்ல சொல்லிராதீங்க."

"ஜெரியாண்டயும் சொல்லிராதீங்க மேடம். சாவடிச்சிருவான்."

5

முடிவு ஒன்று: கவர் தபாலில் போகிறது, அவன் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகுகிறான்.

முடிவு இரண்டு: கிழிக்கிறான். கம்பி துருப்பிடிக்கிறது, அவன் போகிறான், துருப்பிடிக்கிறது, போகிறான்.

முடிவு மூன்று: நேரே சிவந்தியிடம் போய்— (இந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.)

கவர் இனி உங்கள் கையில். பிரிப்பதற்குள், நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

துருக் கம்பியில் துணி போட்டால் கறை போகாது என்று ராயபுரத்தில் தெரியாதவர் கிடையாது. அந்த மாடியில் துணிக்கொடி காலியாக இருந்தது. ஏற்கெனவே துருக்கறை ஏறிய ஒரு துண்டை, ஒரு பெண், பிழியாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்த ஓரத்துக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள்.