எடை விவரம் வரவில்லை

“மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்து குந்தினியே, இப்ப எங்களையும் மறந்துட்டுப் போறியா?”

கமலம்மா ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை என்று பார்த்தால் அழுகை, திட்டு என்று பார்த்தால் திட்டு. உள்ளே தங்கவேலு வழக்கம்போல் பதில் சொல்லாமல் படுத்திருந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்ட எதற்குத்தான் அவர் நேராகப் பதில் சொன்னார்?

ஹரிபிரசாத் பெட்டியின் பிளக்கைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்தே இருந்தான். செத்தவரின் ஒரே தம்பி. புத்தூர்ப் பக்கத்து அந்த ஊரில் காலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த ஒவ்வொரு கையும் அவனுக்குச் சுட்டது. பிளக் நன்றாகத்தான் இருந்தது. நாலாவது முறையாக அதை அழுத்திப் பார்த்தான்.

கமலம்மா பக்கத்தில் இருந்த பெண்களிடம் திரும்பினாள். “இன்னா மறதி அது? பதினோரு வருசமா கம்பெனில ஒரு ஆணி காணாம போனாகூட கண்டுபுடிச்சி சொல்ற மனுசன், எட போட்டு அனுப்ப மறந்துட்டாராம். வேல போச்சி. இந்த வயசுல பங்காருபாளையம் மண்டில மாங்கா பொட்டி தூக்கப் போயி, தூக்கிக்கினு இருக்கறப்பவே விழுந்துட்டாரு. சித்தூரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. நானாவது வாய மூடிக்கினு இருந்தனா? ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்தா, மறதிக்காரா மறதிக்காரான்னு சொல்லித்தான் சோறு போட்டேன். துன்னுட்டு எழுந்து போவாரு.”

தங்கவேலு மறக்கவில்லை. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெட்டிக்குள் இருந்தார்.

ரேணிகுண்டாவில் இருக்கிற அந்தக் கம்பெனி பூனைகளுக்குச் சாமான் செய்கிறது. சிரிக்காதீர்கள், கன்டெய்னர் கன்டெய்னராகக் கப்பலில் போகிறது. பலகையில் அடுக்கு, நடுவில் கம்பம், கம்பத்தைச் சுற்றிக் கத்தாழைக் கயிறு, மேலே மெத்தைத் துணி. வெளிநாட்டுப் பூனை அதில் ஏறும், பிறாண்டும், பிறகு தூங்கும். தங்கவேலு கீழே பேக்கிங் மேஸ்திரி. ஹரி மாடியில் ஏசி அறையில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவன். அந்த வேலையும் அண்ணன், மேனேஜர் சஞ்சயை மூன்று மாதம் நச்சரித்து வாங்கிக்கொடுத்ததுதான்.

கஸ்டம்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் உண்டு. தப்பு நம்பர் போட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். மனுஷன் உட்காருகிற நாற்காலிக்கு ஃபர்னிச்சர் நம்பர். பூனை உட்காருவதை அதில் சேர்க்க மாட்டார்கள். எதால் செய்தது, எது அதிகம் என்று பார்த்துத்தான் அதற்கு நம்பர் போட வேண்டும். அதனால் புது மாடல் வந்தபோது, “பலக எவ்ளோ, கயிறு எவ்ளோ, துணி எவ்ளோன்னு தனித்தனியா எட போட்டு அனுப்புண்ணா” என்று ஹரி கேட்டான். தங்கவேலு முழுசாக நின்ற ஒன்றைக் கழற்றினார். பசை போட்டு ஒட்டிய துணியை உரித்தார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எடையை அட்டைத் துண்டில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அன்று சனிக்கிழமை, மணி நாலு. ஹரி அதைத் திறந்து பார்த்தான். கணக்குப் போட்டு நம்பர் தேட ஒரு மணி நேரமாவது ஆகும். திருப்பதியில் சிநேகிதர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டலாகில் பூனை ஃபர்னிச்சர் என்றுதானே போட்டிருக்கிறது என்று ஃபர்னிச்சர் நம்பரையே போட்டுவிட்டுப் பைக்கை எடுத்தான்.

சரக்கு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஐந்து வாரம் நின்றது. வாங்குகிறவன் அடுத்த ஆர்டரை நிறுத்திவிட்டான். சஞ்சய் கூப்பிட்டுக் கேட்டபோது ஹரியின் வாய் முந்திக்கொண்டது. கீழேயிருந்து எடை விவரம் வரவில்லை சார் என்றான். உடனே தங்கவேலுவைக் கூப்பிட்டார்கள். விரலில் பசையோடு வந்து நின்றார். அனுப்பினாயா என்று சஞ்சய் கேட்டார். தங்கவேலு தம்பியைப் பார்த்தார். தம்பி பிரின்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறந்துவிட்டேன் சார் என்று தங்கவேலு தெலுங்கில் சொன்னார்.

போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். படி இறங்கும்போது ஹரியிடம், “உனுக்கு இப்பத்தான் கொழந்த பொறந்துகீது. வுடு” என்றார். ஹரியும் விட்டுவிட்டான். அன்று சாயங்காலம் பிரியாணி வாங்கித் தின்றான். அதை நினைத்தால் இப்போது சீ என்று தன் மேலேயே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

“டேய் ஹரி, பிளக்க நோண்டினது போதும், வா.” கமலம்மாவின் அண்ணன் வீராசாமிதான் காரியங்களை எல்லாம் நடத்திக்கொண்டிருந்தார். “தங்கவேலுக்கு ஆம்பள புள்ள இல்ல. நீதான் கொள்ளி வெக்கணும். மொட்ட போட ஆளு வந்துட்டான்.”

“மாமா, நான்…”

“நீதான்டா. உன்னப் புள்ள மாதிரிதான வளத்தாரு.”

குழாயடியில் உட்கார வைத்தார்கள். மயிர் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். பிறகு, உடலை எடுத்த பிறகு சொல்லலாம், பதினாறாம் நாள் முடிந்து சொல்லலாம் என்று நினைத்தான். அவனுடைய மனசு எப்போதும் அப்படித்தான், நாலு மணி ஆனால் பைக்கைத் தேடும். தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு வாசலுக்கு அனுப்பினார்கள்.

வாசலில் சஞ்சய் வந்திருந்தார். பெட்டியின் மேல் ரோஜா மாலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். விசாகப்பட்டினத்துக்காரர், தமிழ் வராது. நல்ல மனுஷன், அந்த ஒரு அலட்சியம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்றார்.

கமலம்மா எழுந்து அவர் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினாள். அவளும் தெலுங்கில்தான் சொன்னாள். தப்பு அவருடையதுதான் சார், அவரால் கம்பெனிக்கு நஷ்டம், செத்துப்போனவர் மேல் கோபம் வைக்காதீர்கள், அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஹரி அவர்களுக்கு நடுவில் போய் நின்றான்.

“அண்ணி, கைய எறக்குங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணன் மறக்கல. எட போட்டு எனுக்கு அனுப்பினாரு. நான் பாத்தேன். பாத்துட்டு, வரலன்னு பொய் சொன்னேன்.”

பெண்களின் அழுகை நின்றது. மேளக்காரர் கூட அடிக்கிறதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கமலம்மா அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

“எனுக்குச் சொன்னா ஆச்சா? அவருகிட்ட சொல்லு.”

ஹரி சஞ்சயிடம் திரும்பித் தமிழிலேயே மறுபடி சொன்னான். அவருக்குப் புரியவில்லை, என்ன சொல்கிறாய் என்று நெற்றியைச் சுருக்கினார். ஆகவே மூன்றாவது தடவையாகத் தெலுங்கில் சொன்னான். திக்காமல் வந்தது. அன்றைக்குப் பொய்யும் அந்த மொழியில் இவ்வளவு சரளமாகத்தான் வந்திருந்தது. அவரைத் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் இரண்டு மொழியும் தெரியும்.

சஞ்சய் எழுந்தார். பெட்டியருகே போய், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். போகும்போது, நாளையிலிருந்து ஆபீஸுக்கு வராதே என்று ஹரியிடம் தணிந்த குரலில் சொன்னார்.

கமலம்மா பெட்டியைத் தட்டவில்லை. கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா” என்றாள்.

வெயில் ஏறிவிட்டது. குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பாடையில் வைத்தார்கள். வீராசாமி கொள்ளிச்சட்டியைத் தூக்கி ஹரியிடம் நீட்டினார்.

“அவன் எடுக்க வேணாம்” என்றாள் கமலம்மா. “ரூபா எடுக்கட்டும்.”

ரூபா தங்கவேலுவின் ஒரே பெண். காலேஜில் கடைசி வருஷம். அழுது வீங்கிய முகத்தோடு சுவரோரம் நின்றிருந்தாள்.

“பொட்டப் புள்ளயா? ஊருல இன்னா சொல்லுவாங்க? அவன் மொட்ட வேற போட்டாச்சே கமலா.”

“மசுரு வளரும்” என்றாள் கமலம்மா.

வீராசாமி சட்டியை ரூபா பக்கம் திருப்பினார். ரூபா வந்து சட்டியை வாங்கிக்கொண்டாள். சித்தப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஊர்வலத்தில் ஹரி எல்லாருக்கும் பின்னால் நடந்தான். யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தார் ரோடு திரும்புகிற இடத்தில் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிவந்தார். மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த சட்டை. ஹரியின் தலையைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தங்கவேலு அண்ணன் தம்பிங்களா? பங்காருபாளையம் மண்டிலருந்து வரேங்க, அவருகூட பொட்டி தூக்கறவன். உங்களப் பத்திதான் எப்பவும் பேசிக்கினு இருப்பாரு. எந்தம்பி ஆபீசுல பெரிய வேலன்னு.” பிறகு பதறிப்போய், “கொள்ளி வெக்கறவரு பின்னால வரலாமா? யாருங்க அது, கொஞ்சம் வழி வுடுங்க, தம்பி முன்னால போவட்டும்” என்று முன்னால் போனவர்களை விலக்கினார்.

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அந்த வழியின் கடைசியில் ரூபா சட்டியோடு நடந்துபோய்க்கொண்டிருந்தாள். புகை அவள் கண்ணில் பட்டது. தோளால் துடைத்துக்கொண்டாள்.

“போங்க தம்பி” என்றார் அந்த மனிதர்.

ஹரி ரோட்டோரத்து மண்ணில் இறங்கி நின்றான். கூட்டம் மறுபடி சேர்ந்துகொண்டு நடந்தது.