வெறும் வெளிச்சம்

குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு இருட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் மனுஷனோடு குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்று படக்காரரின் மனைவியைக் கேட்டால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அந்த மூன்றாவது மாடி வீட்டில் யாரும் குளிக்க முடியாது. பல் விளக்குவதுகூடச் சமையலறைத் தொட்டியில்தான். ஊரே போனில் படம் எடுத்துத் தள்ளுகிறது. இவர் மட்டும் இன்னமும் ஃபிலிம், ரசாயனம், இருட்டு என்று கட்டிக்கொண்டு அழுகிறார்.

"உங்கப்பா உள்ளதான் இருக்காரா, இல்ல குழாய் வழியா இறங்கிப் போயிட்டாரா? தட்டிப் பாருடி" என்பாள் மகளிடம்.

வாய்தான் அப்படி. உள்ளேயிருந்து ஈரப்படத்தோடு அவர் வெளியே வந்தால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பவளும் அவள்தான்.

படக்காரர் என்பது அக்கம்பக்கம் வைத்த பெயர். படம் எடுத்துச் சம்பாதித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பாதித்ததெல்லாம் வேறு வேலைகளில். அந்த வேலைகளில் பாதிக்கு மேல் தொலைத்ததுதான் படத்தால். முதலில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளர். ஸ்டூடியோவே மூடிவிட்டது, அது கணக்கில் வராது. அப்புறம் பார்சல் கொண்டு கொடுக்கும் வேலை. அதில் நாற்பத்தொரு வீட்டுக் கதவுகளைப் படம் எடுத்தார், பார்சலில் பாதி சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது, சீட்டு கிழிந்தது. அடுத்து பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை. ஜன்னலில் நல்ல வெயில் விழுகிறதே என்று இரண்டே நிமிஷம் எழுந்து போனார், பெல்ட் நிற்குமா? திரும்பி வந்தபோது பிஸ்கட் முழங்கால் உயரம் குவிந்து கிடந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் அடிபட்ட கார்களைப் படம் எடுக்கும் வேலை கிடைத்தபோது, போகட்டும், இனி பிழைத்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் மாதம் மேனேஜர் கூப்பிட்டார். "சார், நாங்க கேட்டது நசுங்கின கதவு. நீங்க எடுத்துக் குடுத்திருக்கறது அந்தக் கதவுல தெரியற மேகம்." கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுத்த இரண்டு வருஷம்தான் நிம்மதியாக இருந்தார். ஜன்னலுக்குள் நீளும் கைகளை மட்டும் எடுத்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கேயும் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் மனைவி ஒரு நாளும் "அந்தக் கேமராவைத் தூக்கிப் போடுங்க" என்று சொன்னதில்லை. பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, இவர் வேலையில்லாமல் இருந்த மாதங்களையெல்லாம் தள்ளியவள் அவள். தினம் இரண்டு வேளை பல் விளக்குகிறேன் என்று புளுகுகிறவர்களை, வாயைத் திறக்குமுன் கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டிலேயே ஒரு பொய் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது படக்காரருக்கு ஒரு பெரிய அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு முகம் எடுக்கும் வேலை. வெள்ளைச் சுவர், ஒரு ஸ்டூல், மேஜையில் கம்பெனி கேமரா. அட்டைப் படத்தில் சிரிக்கக் கூடாது என்பது விதி. விறைப்பாக ஒன்று எடுத்து முடித்ததும், இவர் பையிலிருந்து தன் பழைய கேமராவை எடுப்பார். "வேலை முடிஞ்சுது. இப்ப சிரிங்க, இது எனக்கு" என்பார். ஆளுக்கு ஒன்றே ஒன்று, ஃபிலிம் விற்கிற விலையில் அதற்கு மேல் கட்டாது. நாலு மாதத்தில் இருபத்தெட்டு பேர் சிரித்திருந்தார்கள். முப்பத்தாறு படம் பிடிக்கிற ரோல் அது, முழுசும் முடிந்த பிறகுதான் கழுவ வேண்டும் என்று அப்படியே கேமராவுக்குள் இருந்தது. போன வாரம் ஓய்வுபெற்று மகன் ஊருக்கே போய்விட்ட துப்புரவுப் பிரிவு அக்காவும் அதில் உண்டு. முன்பல் இரண்டும் இல்லாமல், வாயைக் கையால் மூட வந்து, மூடாமல் விட்டுச் சிரித்த படம். அதிலிருந்து பன்னிரண்டைப் பெரிதாக்கிக் கேன்டீன் சுவரில் மாட்டிக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தன் வீட்டுச் சுவரைத் தவிர இன்னொரு சுவரில் அவர் படம் தொங்கப்போவது அதுதான் முதல் தடவை. அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் யார் எப்படிச் சிரித்தார்கள் என்று மனைவியிடம் நடித்தே காட்டுவார்.

இந்த நேரம் பார்த்து மகள் ஒரு ஸ்கேனர் வாங்கி வந்தாள்.

"அப்பா, அம்மா பொறந்த நாள் வருதுல்ல. தாத்தா படத்தை நான் கண்டுபிடிச்சுத் தரப்போறேன்."

படக்காரர் கையிலிருந்த பேப்பரை மடித்தார். "எந்தப் படம்?"

"எந்தப் படமா? அம்மா வருஷத்துக்கு நாலு தடவை சொல்லுமே, அந்தப் படம்."

"அதான் கழுவும்போது பாழாப் போச்சேம்மா."

"பாழானதையும் இப்ப கம்ப்யூட்டர்ல மீட்டுடலாம்பா. நெகட்டிவ் மட்டும் வேணும். நீ பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டே, அதைப் போட்டிருப்பியா?"

போடவில்லை. அதுதான் வினை. ஸ்டூடியோ மூடியபோது யாரும் வாங்க வராத நெகட்டிவ் உறைகளையெல்லாம் சுமந்து வந்து, தேதி எழுதி, தகர டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தார். பதினாறு டப்பாக்கள். அவள் முதல் டப்பாவிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்தப் படத்தின் கதை இதுதான். அவர் ஸ்டூடியோவில் இருந்த காலத்தில் கல்யாண மேடையில் ஒரு தந்திரம் உண்டு. மேடைக்குக் கும்பல் கும்பலாக ஏறிவருகிற எல்லோரையும் எடுத்தால் ஃபிலிம் எங்கே பற்றும்? முக்கியமில்லாதவர்கள் வந்தால் முதலாளி காதைச் சொறிவார். உடனே ஷட்டரைத் தொடாமல், ஃப்ளாஷின் பின்னாலிருக்கும் சின்னப் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டும். பளிச்சென்று வெளிச்சம் வரும், ஃபிலிமில் ஒன்றும் விழாது. நின்றவர்கள் சந்தோஷமாக இறங்கிப் போவார்கள். முதலாளி அதற்கு வைத்த பெயர் வெறும் வெளிச்சம்.

அப்படி ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணோடு டைப்பிங் படித்த ஒருத்தியும் அவள் அப்பாவும் மேடை ஏறினார்கள். அப்பா விறைப்பான ஆள். மகள் வளர்ந்தபிறகு தலையைக்கூடத் தடவிக் கொடுத்ததில்லை. இருவரும் ஒரு முழம் தள்ளி நின்றார்கள். இவர் வழக்கம்போல, "கொஞ்சம் கிட்ட வாங்க சார், பொண்ணு தோள்ல கை வைங்க" என்றார். அவர் தயங்கித் தயங்கி, சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி வைத்தார். முதலாளி காதைச் சொறிந்தார். இவர் பொத்தானை அழுத்தினார்.

"ஐயோ, கண்ணை மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்களேன்" என்றாள் அந்தப் பெண்.

இவர் இன்னொரு தடவையும் பொத்தானையே அழுத்தினார். பாவி.

இரண்டே மாதத்தில் அந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு அடையாள அட்டைப் படம், அதிலும் பாதி முகத்தில் முத்திரை குத்தியிருந்தது. அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு வந்து, "நாங்க ரெண்டு பேரும் இருக்கற படம்" என்று கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. "கழுவும்போது ரோல் பாழாப் போச்சுங்க" என்றார். ஏதாவது ஒரு மூலையிலாவது தேறுமா என்று கேட்டு அவள் மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது படத்தைப் பற்றிக் கொஞ்சமும், மற்றதைப் பற்றி நிறையவும் பேசினார்கள். அவள்தான் இன்றைக்கு அவர் மனைவி. அவளை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அந்தப் பொய்தான் என்கிறபோது, எங்கே போய் எப்படிச் சொல்வது?

"முகம்கூட வேண்டாம்ங்க, அந்தக் கையை ஒரு தடவை பார்த்தாப் போதும்" என்பாள் எப்போதாவது. அன்றைக்கெல்லாம் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வியாழக்கிழமை மகள் கூப்பிட்டாள். திரையில் அந்தக் கல்யாணம். ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை.

"ரோல் பாழாகவே இல்லியேப்பா. இதோ இருபத்தொண்ணு. யாரோ குடும்பம் நிக்குது. ஓரத்துல படியில அடுத்ததா நிக்கறது அம்மாதானே? பக்கத்துல ஒரு சட்டைக்கை, வலது கையில வாட்ச். தாத்தா வலது கையிலதானே கட்டுவாரு? அப்போ இருபத்திரண்டுல அவங்க இருக்கணும். ஆனா இருபத்திரண்டுல வேற யாரோ இருக்காங்க. நடுவுல எண் எதுவும் விடலை."

கையும் களவுமாகப் பிடிபட்டால் மனுஷன் என்ன செய்வான்? நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "தாத்தாவோட அட்டை முகத்தை எடுத்து, அம்மா முகத்தோட ஒட்டி, கையையும் வச்சு ஒரு படம் பண்ணிடலாம்பா. பாழானதை மீட்டதுன்னு சொல்லலாம். கொஞ்சமும் தெரியாது" என்றாள்.

அவருக்கு ஆசை வந்தது. வரவில்லை என்றால் அது பொய். ஒரே நாளில் கதை முடிந்துவிடும், அவளும் அழுது சந்தோஷப்படுவாள்.

"வேண்டாம்மா. ஒண்ணையே என்னால தூக்க முடியல" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி வந்து கைப்பையை ஆணியில் மாட்டக்கூட விடாமல் நின்றபடியே சொல்லிவிட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூணு தடவை வந்தேனே. மூணு தடவையும் உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சேதியெல்லாம் மகள் வழியாகப் போனது. "உங்கப்பாகிட்ட கரண்ட் பில் வந்திருக்குன்னு சொல்லு." அப்பா அங்கேயே பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை குளியலறை காலியாகக் கிடந்தது, அவர் உள்ளே போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் மகளின் கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, அந்தச் சட்டைக்கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் புள்ளிகளாக உடைகிற அளவுக்குப் பெரிதாக்கினாள். வாசலில் நின்று அதைப் பார்த்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

பத்தாம் நாள் அவள் பிறந்த நாள். காலையில் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகளைப் பின்னால் நிற்கச் சொன்னாள்.

"எங்களைப் படம் எடுங்க."

நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தார். கண்ணில் வைக்கப்போனபோது அவள் கையைத் தூக்கினாள்.

"இருங்க. உள்ள ஃபிலிம் இருக்குன்னு நான் எப்படி நம்பறது? தொறந்து காட்டுங்க."

மகள் பதறிப்போனாள். "அம்மா! தொறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிடும்! கேன்டீன் படமெல்லாம் அதுலதான் இருக்கு. வேணும்னா அப்பா மேல இருக்கற குமிழைச் சுத்திக் காட்டட்டும், ஃபிலிம் இருந்தா இறுக்கமா நிக்கும்!"

அவளுக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷம் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றவளுக்கு, வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? மனசு கொதித்தது, சுருக்கென்று குத்த வேண்டும் போல இருந்தது, குத்தினாள். அவ்வளவுதான்.

படக்காரர் குமிழைத் தொடவில்லை. தன்னை நம்பி இத்தனை வருஷம் ஓட்டியவளிடம் இப்போது குமிழைக் காட்டி ருசுப்படுத்துவதா? துப்புரவு அக்காவின் சிரிப்பு ஒரு நொடி மனசில் வந்து போனது. கொக்கியை இழுத்தார். பின்மூடி திறந்துகொண்டது. ஜன்னல் வெயில் நேராக உள்ளே விழுந்தது. சுருண்டிருந்த பழுப்பு ஃபிலிமை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இருக்கு பாரு" என்றார்.

"ஐயோ! நெஜமாவே தொறந்துட்டீங்களா? மூடுங்க, மூடுங்க!" நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவளே இரண்டு கையாலும் மூடியை அழுத்தினாள். "பைத்தியமா உங்களுக்கு? அந்த அக்கா ஊருக்கே போயாச்சுன்னு சொன்னீங்களே! கோவத்துல ஒருத்தி சொன்னா..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள். அவரும் அழுதார். மகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எல்லாமே போச்சா?"

"எடுத்ததெல்லாம் போன மாதிரிதான். எடுக்காதது எட்டு இருக்கு. திறந்ததுல ஒண்ணு ரெண்டு அடிபட்டிருக்கும். ஆறு தேறும்."

"ஆறையும் எடுங்க. ஒண்ணுகூட மிச்சம் பிடிக்கக் கூடாது."

போய் உட்கார்ந்தாள். மகள் பின்னால் நின்றாள். இருவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. வெளிச்சம் பட்ட இரண்டைச் சுற்றித் தள்ளிவிட்டு அவர் அந்த இடைவெளியையே பார்த்தார். சொல்லித்தான் ஆக வேண்டும், அதுதானே அவர் தொழில்.

"கொஞ்சம் கிட்ட வாம்மா. அம்மா தோள்ல கை வை."

ஷட்டர் விழுந்த சத்தம் மூவருக்கும் நன்றாகக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அவள் கை மெல்ல உயர்ந்து தோளிலிருந்த மகளின் கைமேல் உட்கார்ந்தது. ஐந்தாவதில் மகளுக்குத் தும்மல் வந்தது, அதையும் எடுத்தார். ஆறாவது முடிந்ததும் ஃபிலிமைத் தள்ளும் நெம்புகோல் நகரவில்லை.

"தீர்ந்துபோச்சு" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பழைய ஃப்ளாஷ் இருக்கா இன்னும்?"

இல்லாமல் இருக்குமா? அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்து, கடிகாரத்திலிருந்தும் ரிமோட்டிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றிப் போட்டார். கீச்சென்று மெல்லிசாகச் சத்தம் கிளம்பி ஏறிக்கொண்டே போய், சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீ கொஞ்சம் தள்ளிக்கடி" என்றாள் மகளிடம். நாற்காலியை விட்டு எழுந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றாள். "அன்னிக்குப் போட்டீங்களே வெறும் வெளிச்சம், அதே மாதிரி ஒண்ணு போடுங்க. எனக்கும் அப்பாவுக்கும்."

அவர் ஃப்ளாஷைத் தூக்கிப் பிடித்தார். அவள் தோளைக் கொஞ்சம் தாழ்த்தினாள், எதையோ தாங்குகிற மாதிரி. அவர் பொத்தானை அழுத்தினார். அறை ஒரு கணம் வெள்ளையாகிப் பழையபடி ஆனது.

"கண்ணை மூடிட்டேன்" என்றாள்.

"இன்னொண்ணு போடறேன்" என்று சொல்லி, சிவப்பு விளக்கு மறுபடி எரிவதற்காக அவர் காத்திருந்தார்.